'புட் அப்' ஆன கோப்பு

தில்லியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். பென்ஷன் உத்தரவில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் முழுசாக நிற்கிறது. வங்கிக் கணக்கிலோ பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே பெண்மணிதானா என்று வங்கிக்குச் சந்தேகம். வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இந்த வம்பைச் சந்திக்காத வீடு அபூர்வம். பெயரைத் திருத்தித் தரும்படி அப்பாவின் பழைய அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரே பதில்: "உங்கள் ஃபைல் புட் அப் ஆகிவிட்டது, மேடம்."

முதல் தடவை இதைக் கேட்டதும் காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாராம். அம்மாவிடம் சொல்ல, அவர் மலை மந்திருக்குப் போய் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்துவிட்டார். பணம் வரவில்லை. மகள் அகராதியைப் புரட்டியிருக்கிறார். 'உயர்த்து, கட்டி எழுப்பு, தங்க இடம் கொடு, பொறுத்துக்கொள்' என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. "இவற்றில் எது எங்கள் ஃபைலுக்கு நடந்திருக்கிறது என்று தயவுசெய்து விளக்கவும்" என்று கேட்கிறார்.

நாலுமே நடந்திருக்கிறது என்று சொல்லத்தான் நாக்கு துறுதுறுக்கிறது. கோப்பு மேலே போயிருக்கிறது. அதன்மேல் இன்னும் நாலு தாள் கட்டப்பட்டிருக்கிறது. யாரோ ஒருவர் மேஜையில் அது சௌகரியமாகத் தங்கியிருக்கிறது. அம்மா பொறுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வாசகி கேட்டிருப்பது நியாயமான கேள்வி. பதில் அகராதியில் கிடைக்காது என்பதுதான் சங்கடம். இந்திய அலுவலகங்கள் இந்த இரண்டு சொல்லுக்குத் தனியாக ஒரு வாழ்க்கை கொடுத்திருக்கின்றன.

முதலில் சொல்லின் பிறந்த வீட்டைப் பார்த்துவிடலாம். எளிய வினைச்சொல் ஒன்றோடு அப், டவுன், ஆஃப், அவுட் என்று ஒரு குட்டிச் சொல்லை ஒட்டவைத்துப் புதுப்பொருள் உண்டாக்குவது ஆங்கிலத்தின் பழைய வழக்கம். அயல்நாட்டார் இதில்தான் மிகவும் தடுமாறுவார்கள் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதியின் முன்னுரையிலேயே எச்சரித்துவிட்டார். ஆனால் இந்த வகை வினைக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியது 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூலுக்குப் பிறகுதான். அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித்தே எழுதியிருக்கிறார். ஜனங்கள் நூற்றாண்டுக்கணக்கில் பேசிவந்த ஒன்றுக்கு இலக்கணக்காரர்கள் பெயர் வைக்க இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

தமிழர்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டியதே இல்லை. 'புட்' என்ற வினைக்கு நம் வீட்டு இணை 'போடு'. காபி போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம். கணக்கு, கையெழுத்து, ஊசி, ஓட்டு, பூட்டு, நாமம், எல்லாம் போடுகிறோம். தமிழ் கற்க வந்த ஜெர்மானியர் ஒருவருக்கு இதை விளக்க முயன்றால் அவருக்கும் தலை சுற்றும். குட்டிச் சொல்லை ஒட்டும் வேலையையும் நாம் செய்கிறோம். முன்னிடைச் சொல்லுக்குப் பதில் துணைவினையை ஒட்டுகிறோம், அவ்வளவுதான். 'எழுதினான்' வேறு, 'எழுதித் தள்ளினான்' வேறு, 'எழுதித் தொலைத்தான்' வேறு, 'எழுதிக் கிழித்தான்' முற்றிலும் வேறு. அதில் தள்ளுவதற்கோ கிழிப்பதற்கோ காகிதமே வேண்டாம். சில இடங்களில் இரண்டு மொழியும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. 'புட் ஆஃப்' என்றால் 'தள்ளிப்போடு'. 'ஆஃப்' தள்ளுகிறது, 'புட்' போடுகிறது. அச்சு அசலாக ஒரே கட்டுமானம்.

'புட் அப்' இவ்வளவு சாது இல்லை. குடையை விரிப்பது, கூடாரம் அடிப்பது, வகுப்பில் கையைத் தூக்குவது, சுவரொட்டி ஒட்டுவது, வேலி போடுவது எல்லாம் 'புட் அப்'. இவற்றில் எதுவோ ஒன்று கீழேயிருந்து மேலே போகிறது, அதனால் குழப்பமில்லை. இங்கிலாந்தில் வீட்டுக்காரர் வாடகையை 'புட் அப்' செய்வார். நாமும் 'ஏற்றிவிட்டார்' என்றுதான் புலம்புகிறோம். கட்சி ஒரு தொகுதியில் வேட்பாளரை 'புட் அப்' செய்கிறது, நாம் 'நிறுத்துகிறோம்'. வீட்டை விற்பனைக்கு, நகையை ஏலத்துக்கு 'புட் அப்' செய்கிறார்கள். 2008 பிப்ரவரியில் மும்பையில் ஐ.பி.எல். அணிகளுக்காகக் கிரிக்கெட் வீரர்களையே இப்படி ஏலத்துக்கு வைத்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் தயக்கமில்லாமல் இதே வினையைப் பயன்படுத்தின. ஒரு மனிதனைப் பற்றி இப்படி எழுதுகிறோமே என்று யாரும் முகம் சுளித்த மாதிரித் தெரியவில்லை.

விளையாட்டுப் பக்கத்தில் இன்னொரு வழக்கு உண்டு. எதிர்த்து நின்றார்கள், போராடினார்கள் என்பதற்கு 'புட் அப் எ ஃபைட்'. கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் தோற்ற அணிக்குத்தான் இது கிடைக்கும். ஜெயித்தவர்கள் ஜெயித்தார்கள், தோற்றவர்கள் 'புட் அப் எ ஃபைட்' செய்தார்கள். ஆறுதல் பரிசு மாதிரி.

திரைமறைவு வேலைகளுக்கும் இது உதவும். ஒருவனைத் தூண்டிவிட்டு ஒரு காரியத்தைச் செய்ய வைப்பது 'புட் அப் டு'. சின்னப் பையன் விஷமம் செய்தால் 'உன்னை யார்டா ஏவிவிட்டது?' என்று கேட்போமே, அது. முன்கூட்டியே ஜோடித்து வைத்த நாடகம் 'புட்-அப் ஜாப்'.

இனி விருந்தாளி. நண்பர் ஊருக்கு வருகிறார், ஒரு வாரம் நம் வீட்டில் தங்க வைக்கிறோம். அதுவும் 'புட் அப்'தான். 'ஹி புட் மீ அப் ஃபார் எ வீக்' என்றால் ஒரு வாரம் இடம் கொடுத்தார். கூட ஒரு 'வித்' சேர்த்து 'ஹி புட் அப் வித் மீ ஃபார் எ வீக்' என்றால் ஒரு வாரம் என்னைச் சகித்துக்கொண்டார். (இரண்டும் ஒரே வாரத்தில் நடப்பதுண்டு.) இங்கே 'மீ' எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். இடம் கொடுக்கும்போது 'மீ' நடுவில் வர வேண்டும். 'புட் அப் மீ' என்று சொல்லவே கூடாது. சகித்துக்கொள்ளும்போது மூன்று சொல்லும் ஒட்டிப் பிறந்தவை, நடுவில் யாரையும் விடாது. பள்ளியில் ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்குவார்கள்.

இந்த விருந்தாளிப் பொருளை இந்தியா தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டது. 'வேர் ஆர் யூ புட் அப்?' என்பது தில்லியில் புதிதாக வந்து இறங்கிய எவரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி. எங்கே ஜாகை என்று அர்த்தம். இன்றைய லண்டன்காரருக்கு இது விநோதமாகக் காதில் விழும். இது இந்தியத் தவறு என்று பட்டியல் போடும் புத்தகங்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழிப்போக்கர்கள் குதிரையைக் கட்டிவிட்டுச் சத்திரத்தில் இரவு தங்குவதைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் 'புட் அப் அட்' என்றுதான் சொல்கின்றன. அங்கே சத்திரங்களோடு அந்த வழக்கும் தேய்ந்துவிட்டது, இங்கே நிலைத்துவிட்டது. ஒரு வித்தியாசம்: அங்கே அது ஓர் இரவு, இரண்டு இரவுத் தங்கலுக்கு. இங்கே இருபது வருஷமாக ஒரே ஃபிளாட்டில் குடியிருந்து, பெண்ணுக்குக் கல்யாணமும் செய்து கொடுத்தவர் 'ஐயாம் புட் அப் அட் மயூர் விஹார்' என்கிறார். கரோல் பாகிலிருந்து ஆர்.கே.புரம், அங்கிருந்து மயூர் விஹார் என்று வீடு மாறி மாறி வாழ்ந்த தலைமுறைக்கு அந்தச் சொல் பொருந்தித்தான் போகிறது.

இப்போது வாசகியின் கோப்புக்கு வருவோம்.

மத்திய அரசு அலுவலகக் கோப்பில் இரண்டு பக்கம் உண்டு. வலப்புறம் கடிதங்கள், இடப்புறம் பச்சைத் தாளில் எழுதும் குறிப்புகள். மனு வந்ததும் அதைக் கையாளும் உதவியாளர் விவரங்களைச் சுருக்கி, விதி என்ன சொல்கிறது என்று குறிப்பெழுதி, கீழே இடது ஓரத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டு, மேலே உள்ளவர் முன் வைப்பார். வைப்பதற்குத்தான் 'புட் அப்' என்று பெயர். பிரிவு அதிகாரி படித்துவிட்டு வலது ஓரத்தில் கையெழுத்திட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். அவருக்கு மேல் சார்புச் செயலர், துணைச் செயலர், இணைச் செயலர் என்று விஷயத்தின் கனத்துக்கு ஏற்றபடி ஏணி நீளும். சின்ன விஷயம் இரண்டாம் படியிலேயே தீர்ந்துவிடலாம். ஏதாவது ஒரு படியில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், ஏறின படியெல்லாம் கோப்பு இறங்கி மறுபடி உதவியாளரிடமே வரும். அவர் பதில் எழுதி மறுபடி 'புட் அப்' செய்வார். பல அலுவலகங்களில் பச்சைத் தாள் போய்க் கணினித் திரை வந்துவிட்டது. சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆக, 'புட் அப் ஆகிவிட்டது' என்றால் கோப்பு ஒரு மேஜையை விட்டு இன்னொரு மேஜைக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. தமிழ்நாட்டு அலுவலகங்களில் 'சமர்ப்பிக்கப்பட்டுள்ளது' என்பார்கள். இந்திக்காரர்கள் 'பிரஸ்துத்' என்பார்கள். அந்தச் சொற்களைக் கேட்டால் காரியம் இன்னும் பாக்கி என்று கேட்பவருக்குப் புரியும். 'சமர்ப்பணம்' செய்தவர் வரத்துக்காகக் காத்திருக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'புட் அப்'பில் அந்தக் குறிப்பு இல்லை. 'அப்' என்ற ஒலிக்கே முடிந்துபோன வேலையின் தொனி உண்டு. 'ஃபினிஷ் அப்', 'வைண்ட் அப்', 'பேக் அப்' எல்லாம் முடிவைத்தானே சொல்கின்றன? அதனால் வாசகி ஏமாந்ததில் அவருடைய தப்பு ஒன்றுமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'புட்' என்ற வினைக்குக் காலம் காட்டத் தெரியாது. நிகழ்காலம், இறந்தகாலம், முடிந்த எச்சம் மூன்றுக்கும் 'புட், புட், புட்'தான். அதிகாரி ஓரத்தில் 'புட் அப்' என்று கிறுக்கினால் அது கட்டளை: 'என் முன் வை.' உதவியாளர் 'புட் அப்' என்று எழுதினால் அது தகவல்: 'வைத்தாயிற்று.' தமிழில் 'வை', 'வைத்தாயிற்று' இரண்டுக்கும் நடுவில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. ஆங்கிலத்தில் கட்டளையும் நிறைவேற்றமும் ஒரே உடையில் நிற்கின்றன. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் திரையில் அந்த இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு 'ஆகிவிட்டது' என்று மொழிபெயர்த்தால், அவரே அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று நமக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட ரசமான குறிப்பு ஒன்று உண்டு. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள்: 'புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்.' முந்தைய தாள்களையும் சேர்த்து என் முன் வை என்று அதிகாரி சொல்கிறார். சம்பிரதாய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் படித்தால் 'முந்தைய தாள்களைப் பொறுத்துக்கொள்' என்று பொருள் கொள்வார். பழைய கோப்புகளின் தூசியையும் செல்லரித்த ஓரங்களையும் பார்த்திருப்பவர்களுக்கு இரண்டாவது பொருளும் நியாயமாகத்தான் படும். வாய்விட்டுச் சொல்லும்போது வித்தியாசம் தெரியும். தாளை வைக்கச் சொல்லும்போது 'அப்'புக்குப் பிறகு மூச்சு நிற்கிறது. பொறுத்துக்கொள்ளச் சொல்லும்போது 'அப் வித்' ஒரே மூச்சில் வருகிறது. எழுத்தில் அந்த மூச்சைக் காட்ட வழியில்லை.

இந்த 'புட் அப் வித்'துக்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. ஆங்கில வாக்கியம் முன்னிடைச் சொல்லில் முடியக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் தனக்கு முந்தைய பென் ஜான்சனின் வாக்கியங்களில் இதைக் குற்றமாகக் கண்டார். லத்தீனில் முடியாததை ஆங்கிலத்தில் ஏன் செய்ய வேண்டும் என்கிற மனோபாவம்தான் அந்த விதியை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தது. வாக்கியத்தின் கடைசியில் நின்ற குட்டிச் சொல்லை யாரோ ஒரு குமாஸ்தா சிரமப்பட்டு முன்னால் நகர்த்தியதைப் பார்த்த வின்ஸ்டன் சர்ச்சில், இந்த மாதிரி ஆங்கிலத்தை என்னால் சகிக்க முடியாது என்று ஓரத்தில் எழுதினாராம். அதையும் அதே விதிப்படி எழுதினாராம். 'அப்', 'வித்' இரண்டையும் வாக்கியத்தின் முன்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'புட்'டை மட்டும் கடைசியில் அநாதையாக விட்டாராம். அரசு ஊழியர்கள் எளிய ஆங்கிலம் எழுத வேண்டும் என்பதற்காகப் பிரிட்டிஷ் கருவூலத்தின் அழைப்பில் 1948இல் சர் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய கையேட்டில் இந்தக் கதை வருகிறது. அவரும் 'சொல்லப்படுகிறது' என்றுதான் போட்டிருக்கிறார். இதே வேடிக்கை 1942லேயே பெயர் தெரியாத ஒருவர் சொன்னதாக அச்சில் வந்துவிட்டது. சர்ச்சில் தலையில் பிற்பாடு கட்டியிருக்கிறார்கள். பெரிய மனிதர்களுக்கு இது ஒரு தொல்லை. யாரோ அடித்த ஜோக்குக்கெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

வாசகிக்கு நான் அனுப்பிய பதிலை மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே சொல்கிறேன். 'புட் அப் ஆகிவிட்டது' என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் செயப்பாட்டு வினை. செய்தவர் அதில் இல்லை. அவரை வாக்கியத்துக்குள் கூட்டிவாருங்கள். யார் வைத்தது, யார் முன் வைத்தது, எந்தத் தேதியில், என்ன கேட்டு? ஒப்புதல் கேட்டு வைத்ததா, விளக்கம் கேட்டு வைத்ததா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கவுண்டரில் பதில் கிடைக்கவில்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் போனது என்பதையும், குறிப்புப் பக்கத்தின் நகலையும் கேளுங்கள்.

அவர் கேட்டிருக்கிறார். கோப்பு மேலே போன பத்தாம் நாளே கீழே இறங்கிவிட்டது. திருமணச் சான்றிதழோ, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரமோ வேண்டும் என்று பிரிவு அதிகாரி எழுதியிருக்கிறார். அதை மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெரிவிக்கும் கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறதாம். 'டிராஃப்ட் புட் அப்' என்ற குறிப்போடு, கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு! நாலரை மாதமாக அம்மாவின் பென்ஷனைத் தடுத்தது ஒரு பத்திரம். அதை அரை நாளில் நோட்டரியிடம் வாங்கிவிடலாம். இனி அந்தத் திருத்தம் கணக்கு அலுவலகம் போய், தில்லியில் உள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் வழியாக வங்கிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் இதே இரண்டு சொல் காத்திருக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுவலகத்தில் 'புட் அப்' முடிந்துவிட்டது போலப் பாசாங்கு செய்கிறது என்றால், நீதிமன்றத்தில் அது தலைகீழாகவே நிற்கிறது. தில்லியின் தீஸ் ஹசாரியிலோ சாகேத்திலோ வழக்கு நடத்தும் தமிழர்கள் இணையதளத்தில் தங்கள் வழக்கின் அன்றாட உத்தரவைத் திறந்து பார்த்தால் கடைசி வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'புட் அப் ஃபார் ஆர்கியுமெண்ட்ஸ் ஆன்' என்று ஆரம்பித்து ஒரு தேதி. அந்தத் தேதியில் வாதத்துக்காக என் முன் வையுங்கள் என்று நீதிபதி தன் ஊழியருக்குச் சொல்கிறார். வழக்காடுபவருக்கு இதன் அர்த்தம், இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். 'அப்' என்று எழுதியிருந்தாலும் 'ஆஃப்' என்று படித்துக்கொள்ள வேண்டும். மேலே வைத்தது தள்ளிவைத்தது ஆகிவிட்டது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இதே இடத்தில் 'கால் ஆன்' என்று எழுதுவார்கள். அந்தத் தேதியில் கூப்பிடு என்பது பொருள். அகராதியில் 'கால் ஆன்' என்றால் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அங்கேயும் ஒரு வேடிக்கைதான்.

தாளை முன்னால் வைக்கும் இந்தக் கற்பனை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததுதானா என்று எனக்குச் சந்தேகம். பாரசீகத்தில் 'பேஷ்' என்றால் முன்னால். நீதிபதியின் முன் தாள்களை வைப்பவர் 'பேஷ்கார்'. வட இந்திய நீதிமன்றங்களில் அந்தப் பெயர் புழக்கத்தில் உண்டு. திருவிதாங்கூரில் 'திவான் பேஷ்கார்' என்று பெரிய பதவியே இருந்தது. விசாரணைத் தேதிக்கு இந்தியில் 'பேஷி'. கச்சேரிகளில் ஏற்கெனவே வழங்கிய 'பேஷ் கரோ' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 'புட் அப்' வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

நம்முடைய 'வாய்தா'வும் அந்த வழியில் வந்ததுதான். அரபியில் 'வாதா' என்றால் வாக்குறுதி. இந்தியில் 'வாய்தா' ஆகி, நம் நீதிமன்றங்களில் ஒத்திவைப்பு என்ற பொருளில் நின்றுவிட்டது. இந்தத் தேதியில் முடித்துத் தருகிறேன் என்று கொடுத்த வாக்கு, இந்தத் தேதியிலும் முடியாது என்பதற்குப் பெயராகிவிட்டது. 1993இல் வந்த 'தாமினி' இந்திப் படத்தில் சன்னி தியோல் நீதிமன்றத் தேதிகளைப் பற்றிக் குமுறுவதை வடக்கே இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கீழ் நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருப்பதை நீதித்துறையின் தேசியத் தகவல் தளமே காட்டுகிறது. ஒவ்வொரு வழக்கிலும் எத்தனை 'புட் அப்' என்று கணக்கிட ஆரம்பித்தால் சிரிப்பு வராது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. சிவில் வழக்கின் விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999இல் திருத்தம் நிறைவேறி, 2002 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005இல் வந்த தீர்ப்பு மூன்று முறை என்ற வரம்பு செல்லும் என்றது. கூடவே, மனித சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் நாலாவது முறையும் தரலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தும் வைத்தது. அந்தக் கதவு வழியாக எத்தனை வழக்குகள் போயிருக்கின்றன என்பது வழக்காடியவர்களுக்குத் தெரியும்.

உத்தரவுத் தாளைப் படிக்கிறவர்கள் 'புட் அப்'புக்குப் பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். எல்லா 'புட் அப்'பும் ஒன்றல்ல. 'ஃபார் எவிடென்ஸ்' என்றால் சாட்சி விசாரணை. சாட்சி வரவில்லையென்றால் இன்னொரு தேதி நிச்சயம். 'ஃபார் ஆர்கியுமெண்ட்ஸ்' என்றால் வாதம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று வேறு கோர்ட்டில் வேலை இருக்கலாம். 'ஃபார் கிளாரிஃபிகேஷன்' என்றால் நீதிபதிக்குத் தாளில் ஏதோ இடிக்கிறது, உங்கள் வக்கீலை உடனே பாருங்கள். 'ஃபார் ஆர்டர்ஸ்' என்று வந்தால் வாதம் முடிந்து உத்தரவு சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.